பட்டியலில் இல்லாத செருகுவாய்

சென்ற கோடை விடுமுறையில் கணிப்பொறி ஒன்றை நானே பாகங்கள் வாங்கிப் பூட்டினேன். கம்பத்துத் திராட்சைத் தோட்டத்தில் ஒரு வெட்டுக்கு வந்த பணத்தை அப்பா அதற்கென எடுத்து வைத்திருந்தார். திரை ஒளிர்ந்தது, விண்டோஸும் ஏறியது. ஆனால் இணையக் கம்பியைச் செருகினால் லேன் போர்ட்டின் சிறு விளக்கு எரியவில்லை. கம்பியை மாற்றினேன், ரவுட்டரில் வேறு துளையில் செருகினேன், பயனில்லை.

பழுது பார்க்கும் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். "போர்டு போயிருச்சு தம்பி, தனியா ஒரு கார்டு வாங்கிப் போட்டுக்க" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார். அந்த மௌனந்தான் என்னை மறுபடி உட்கார வைத்தது.

நண்பர்களே, 'போர்ட் தெரியவில்லை' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் வெவ்வேறு நோய்கள் அடங்கியுள்ளன. கம்பி கெட்டிருந்தால் கருவிகளின் பட்டியலில் போர்ட்டின் பெயர் இருக்கும். இணைப்பு மட்டும் இராது. டிரைவர் இல்லையென்றால் மஞ்சள் குறியோடு அநாதையாக நிற்கும். சில்லே வாய் திறக்காவிட்டால் பட்டியலில் ஒன்றுமே இராது. என் வீட்டில் கண்டது இந்தக் கடைசி நோய்.

ஐயம் தீர, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளையைக் கொடுத்தேன். டிரைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிசிஐ பாதையில் பதில் சொல்லும் சில்லுகளை அது காட்டிவிடும். ஒலிக்கும் படத்திற்கும் உரியவை வந்தன. வலையமைப்புக்கு உரியது வரவில்லை. ஆகவே டிரைவரைத் தேடி அலைவது வீண். பயாஸில் பார்த்தேன், லேன் சில்லை இயக்கும் அமைப்பு 'ஆன்' என்றே இருந்தது.

பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. கணிப்பொறியை நாம் அணைத்தாலும், சுவரில் மின்சாரம் இருக்கும்வரை பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். வலையமைப்பு வழியே கணிப்பொறியை எழுப்பும் வசதிக்காக லேன் சில்லு அதில் அரைத்தூக்கத்தில் கிடக்கும். ஒருமுறை அது தடுமாறி நின்றுவிட்டால், எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் தெளியாது. பூட்டிய அன்று மின்சாரம் வந்து வந்து போயிற்று. காரணம் அதுவே என்பது என் ஊகம்.

மின்கம்பியையும் இணையக் கம்பியையும் அடியோடு பிடுங்கினேன். பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மிச்ச மின்னேற்றத்தை வடியவிட்டேன். மறுபடி செருகிக் கட்டளையைக் கொடுத்தால், '10இசி, 8125' என்ற எண்கள்! முன்னது தைவானின் ரியல்டெக் நிறுவனத்தைக் குறிப்பது, பின்னது 2.5 கிகாபிட் சில்லைக் குறிப்பது.

விண்டோஸில் இப்போது மஞ்சள் குறி வந்தது. அது வந்ததற்கு இவ்வளவு மகிழ்ந்தவன் நானாகத்தான் இருப்பேன். என்னிடமிருந்த விண்டோஸ் பழையது. டிரைவர் அதில் இல்லை. லினக்ஸிலும் 2019இல் வந்த 5.4 பதிப்பில்தான் இந்தச் சில்லுக்கான ஆதரவு சேர்ந்தது. இணையம் வர டிரைவர் வேண்டும், டிரைவருக்கு இணையம் வேண்டும்! கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தில் இறக்கிக்கொண்டேன்.

இதற்கும் அசையாவிட்டால் பயாஸைத் தொடக்க நிலைக்குத் திருப்பிப் பார்க்கலாம். கார்டு வாங்குவது அதற்கும் பிறகுதான்.

மாலையில் அப்பா வந்தபோது பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"கார்டு எவ்வளவுப்பா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலப்பா."