பவர் ஸ்டீரிங் எண்ணெய் சூடேறாமல் காத்தல்

நமது திருவள்ளூர் ஜில்லாவில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று பட்டங்களிலும் நெல் பயிராகிறது. இவற்றுள் சொர்ணவாரிப் பட்டத்தின் சேற்றுழவு சித்திரை, வைகாசி மாதங்களில், அக்கினி நக்ஷத்திர வெயிலில் நடைபெறுவதாகும். ஏர்மாடு வெயிலில் இளைத்தால் அதனை நிழலில் கட்டித் தண்ணீர் காட்டவேண்டும் என்பதைக் குடியானவருக்கு ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. மாட்டின் இடத்தில் இன்று வந்திருக்கும் டிராக்டருக்கும், வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் அவ்விதமான கவனிப்பு அவசியம். ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பவர் பலர்; ஸ்டீரிங் எண்ணெயைப் பார்ப்பவர் மிகச் சிலரே. அந்த எண்ணெய் ஏன் சூடேறுகிறது, அதனால் விளையும் கெடுதல் யாது, அதைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

எண்ணெய் செய்யும் வேலை

பவர் ஸ்டீரிங் என்பது, ஓட்டுபவரின் கைக்குப் பதிலாக எண்ணெயின் அழுத்தம் முன் சக்கரங்களைத் திருப்பும் அமைப்பு. அமெரிக்க எஞ்சினீயர் பிரான்சிஸ் டேவிஸ் என்பவர் 1926ஆம் ஆண்டிலேயே இதனை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஆயினும் விற்பனைக்கு வந்த கார்களில் இது இடம்பெற்றது 1951ஆம் ஆண்டில்தான். கிரைஸ்லர் கம்பெனியார் தங்கள் இம்பீரியல் காரில் அதனை அமைத்தனர். நமது ஜில்லாவிலேயே, திருவள்ளூரிலிருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998ஆம் ஆண்டு முதல் தயாரான மிட்சுபிஷி லான்சர் கார்களில் இவ்வகை எண்ணெய் ஸ்டீரிங் இருந்தது. திருவள்ளூரில் 2022ஆம் ஆண்டு முதல் தயாராகும் சிட்ரோயன் சி-3 போன்ற புதிய கார்களில் எண்ணெய்க்குப் பதில் மின்சார மோட்டார் இவ்வேலையைச் செய்கிறது. அத்தகைய கார் உள்ளவர்களுக்கு இக்கட்டுரையில் கூறும் கவலை இல்லை. பழைய கார்களும், ஜீப்புகளும், லாரிகளும், பவர் ஸ்டீரிங் உள்ள டிராக்டர்களும் இன்றும் எண்ணெயையே நம்பியிருக்கின்றன.

இவ்வமைப்பில் எஞ்சினால் சுழலும் ஒரு பம்பு உண்டு. அது சிறு தொட்டியிலிருந்து எண்ணெயை இழுத்து, அழுத்தத்துடன் ஸ்டீரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. வேலை முடிந்த எண்ணெய் வேறொரு குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்புகிறது. காரில் இவ்வாறு சுற்றிவரும் எண்ணெய் மொத்தம் ஒரு லிட்டர் அளவே இருக்கும். சில டிராக்டர்களில் ஸ்டீரிங்குக்குத் தனித் தொட்டி உண்டு. சிலவற்றில் பின் அச்சுப் பெட்டியிலுள்ள எண்ணெயே இதற்கும் பயன்படும்.

உஷ்ணம் உண்டாகும் விதம்

சக்கரத்தை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி, அதற்குமேல் திரும்ப இடமில்லாத நிலையிலும் ஸ்டீரிங்கை விடாமல் இழுத்துப் பிடிப்பது பலருடைய வழக்கம். அப்பொழுது எண்ணெய் செல்ல வழியில்லை, பம்போ நிற்பதில்லை. ஆகவே பம்பு உடையாதிருக்கும் பொருட்டு வைத்திருக்கும் காப்பு வால்வு திறந்து, எண்ணெயை இடுக்கு வழியே பீறிட விடுகிறது. சக்கரம் ஓர் அங்குலமும் நகர்வதில்லை. எஞ்சின் கொடுத்த சக்தி முழுவதும் வெப்பமாக மாறி எண்ணெயில் தங்குகிறது.

இதன் அளவை ஒரு கணக்கினால் அறியலாம். நிமிஷத்துக்கு 10 லிட்டர் எண்ணெய், சதுர செண்டிமீட்டருக்கு 80 கிலோ அழுத்தத்தில் அந்த வால்வு வழியே சென்றால், உண்டாகும் வெப்பம் சுமார் 1,300 வாட். அதாவது ஒன்றே முக்கால் குதிரைசக்தி. வீட்டில் துணி தேய்க்கும் மின்சார இஸ்திரிப் பெட்டியை ஒரு லிட்டர் எண்ணெய்க்குள் அமிழ்த்தி வைத்ததற்கு இது சமம். குழாய்கள் வழியாக வெப்பம் சிறிதும் வெளியேறாவிடில், ஒரே நிமிஷத்தில் அந்த ஒரு லிட்டர் எண்ணெய் 40 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். டிராக்டர்களில் பம்பு அனுப்பும் எண்ணெயும் அழுத்தமும் பெரும்பாலும் இதனினும் அதிகம்.

ஆகவே ஸ்டீரிங் எண்ணெயைச் சூடாக்குவது வெயில் மட்டுமன்று. பெரும்பங்கு ஓட்டுபவரின் கையில் இருக்கிறது. வெயில் அதற்குத் துணை செய்கிறது.

சூட்டினால் விளையும் கெடுதல்

சூடேறிய எண்ணெய் தண்ணீர்போல் இளகும். இளகிய எண்ணெய் பம்பின் உள்ளிடுக்குகள் வழியே நழுவிவிடுவதால் அழுத்தம் குறைந்து ஸ்டீரிங் கனக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது இது அதிகமாகத் தெரியும். மேலும், எண்ணெய் காற்றுடன் கலந்து கெடும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது எண்ணெய்த் தொழிலார் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. கெட்ட எண்ணெய் கறுத்து, பிசுபிசுத்து, வால்வுகளில் படிகிறது. ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கின்றன. அவ்வழியே எண்ணெய் கசிகிறது. எண்ணெய் குறையக் குறைய மிஞ்சியிருப்பது இன்னும் விரைவாகச் சூடேறும். ஒரு கேடு மற்றொரு கேட்டை வளர்ப்பது இவ்விதமே.

காரில் எண்ணெய் அழுத்தம் அற்றுப்போனாலும் ஸ்டீரிங் தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்பு இணைப்பு உண்டு, பலங்கொண்டு திருப்பலாம். பல டிராக்டர்களிலோ ஸ்டீரிங் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய்க் குழாய்களே உள்ளன. அழுத்தம் குறைந்தால் கையால் பல சுற்று சுற்றியும் சக்கரம் சிறிதே திரும்பும். பாரம் ஏற்றிய டிரெய்லருடன் ஏரிக்கரையிலோ, கால்வாய்க் கரையிலோ செல்லும்போது இந்நிலை நேரிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

அநுபவத்தில் கண்டது

சில வருஷங்களுக்கு முன் ஒரு வைகாசி மாதத்தில், பொன்னேரி வட்டத்துக் கிராமம் ஒன்றில் வரிசை நடவு செய்து காட்டச் சென்றிருந்தேன். நாற்றுப் பறித்தாகிவிட்டது, நடவுப் பெண்கள் காத்திருந்தனர், சேற்றுழவு முடியவில்லை. வயல் சிறியது, திருப்பங்களோ அதிகம். டிராக்டர் ஓட்டிய இளைஞர் ஒவ்வொரு வரப்போரத்திலும் ஸ்டீரிங்கை இறுதிவரை இழுத்துப் பிடித்தே திருப்பினார். பத்து மணிக்குமேல் பம்பு ஊளையிடத் தொடங்கிற்று. "ஐயா, ஸ்டீரிங் கல்லாக இருக்கிறது" என்று அவர் என்னிடம் வந்து சொன்னார். வாடும் நாற்றையே நினைத்துக்கொண்டிருந்த நான், "நாலே சுற்றுத்தான், தம்பி, முடித்துவிடுங்கள்" என்றேன்.

மூன்றாவது சுற்றில் டிராக்டர் திரும்பவில்லை. முன் சக்கரம் வரப்பின்மேல் ஏறி, வாய்க்கால் விளிம்பில் நின்றது. நடவுப் பெண்கள் சற்று முன்புவரை நாற்றுக்கட்டுகளுடன் உட்கார்ந்திருந்த இடம் அது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அன்று நான் சொன்ன சொல்லை இன்றுவரை மறந்தேனில்லை.

பிறகு பார்த்ததில், தொட்டியில் எண்ணெய் குறியீட்டுக்குக் கீழே இருந்தது. இருந்ததும் கறுத்து நுரைத்திருந்தது. ரேடியேட்டருக்கு முன்னுள்ள குளிர்விக்கும் குழாயின் தகடுகளில் சேறும் வைக்கோலும் காய்ந்து சுவர்போல் அடைத்திருந்தன. கொட்டகையில் கிடைத்த ஏதோ எண்ணெயை முந்தின வாரம் ஊற்றியதாக உடையவர் சொன்னார். சீல்களும் பம்பும் மாற்றப்பட்டன. நடவு இரண்டு நாள் தாமதமாயிற்று.

ஓட்டும்போது கவனிக்கவேண்டியவை

1. ஸ்டீரிங்கை இறுதிவரை திருப்ப நேர்ந்தால், முட்டியவுடன் சிறிதளவு பின்வாங்கிவிடவேண்டும். விரற்கடை அளவு தளர்த்தினாலும் காப்பு வால்வு மூடிக்கொள்ளும். எக்காரணத்தினாலும் ஐந்து விநாடிக்குமேல் இழுத்துப் பிடிக்கலாகாது.

2. வண்டி நின்ற நிலையில் சக்கரத்தைத் திருப்புவதைத் தவிர்க்கவேண்டும். சிறிது உருளவிட்டுத் திருப்பினால் பாதி சிரமம் குறையும்.

3. வயலில் திருப்புமுன் ரோட்டவேட்டரையோ கலப்பையையோ தூக்கிக்கொள்ளவேண்டும். திருப்பத்தில் உட்புறச் சக்கரத்தின் பிரேக்கை இலேசாக அழுத்தினால் ஸ்டீரிங்கின் வேலை மிகவும் குறையும். சாலைக்கு வருமுன் இரு பிரேக் மிதிகளையும் மறவாமல் இணைத்துவிடவேண்டும்.

4. முன் டயர்களில் காற்று குறைந்திருந்தால் திருப்பும் பளு கூடும். வாரம் ஒரு முறை காற்றைச் சோதித்து, முன் அச்சு முளைகளுக்குக் கிரீஸ் இடவேண்டும்.

5. மெதுவாகச் செல்லும்போது ரேடியேட்டர் பக்கம் வீசும் காற்று குறைவு. திருப்பும் வேலையோ அதிகம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகளுக்கிடையே ஊர்ந்து செல்லும் காருக்கும், சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டி வரிசையில் நகரும் டிராக்டருக்கும் இந்நிலையே. நிற்கும்போது சக்கரத்தை நேராக வைத்துக் கையை எடுத்துவிடுக.

எண்ணெயும் தொட்டியும்

உழவு தொடங்குமுன் தினந்தோறும் தொட்டியின் அளவைப் பார்க்கவேண்டும். சூடான நிலைக்கும் குளிர்ந்த நிலைக்கும் தனித்தனிக் குறிகள் இருப்பின் அவற்றை வேற்றுமை அறிந்து பார்க்கவேண்டும். வண்டியுடன் வந்த புத்தகத்தில் குறித்த எண்ணெயையே ஊற்றுதல் வேண்டும். சில கார்களுக்கு ஏ.டி.எப். என்னும் கியர் எண்ணெய் உரியது. சிலவற்றுக்கு அது ஆகாது. இருவகை எண்ணெயைக் கலத்தல் தவறு. பிரேக் எண்ணெயை ஒருபோதும் ஸ்டீரிங் தொட்டியில் ஊற்றலாகாது. ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

எண்ணெயை மாற்றியபின் காற்றை வெளியேற்றவேண்டும். முன் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, அடியில் உறுதியான முட்டுக் கொடுத்து, எஞ்சினை ஓட்டாமலே ஸ்டீரிங்கை இரு பக்கமும் மெதுவாகப் பல முறை திருப்புக. எண்ணெய் குறையக் குறைய ஊற்றிவருக. குமிழிகள் அடங்கிய பின்னரே எஞ்சினை ஓட்டி மீண்டும் திருப்பவேண்டும். காற்றுக் கலந்த எண்ணெய் வெப்பத்தைச் சரிவரக் கடத்தாது.

குளிர்விக்கும் குழாய்

பல வண்டிகளில், திரும்பிவரும் எண்ணெய் ரேடியேட்டருக்கு முன்னே வளைந்து செல்லும் ஒரு குழாய் வழியாகத் தொட்டியை அடைகிறது. சிலவற்றில் அக்குழாய்க்கு மெல்லிய தகடுகளும் உண்டு. எண்ணெயின் வெப்பம் வெளியேறும் முக்கிய வாயில் இதுவே. சேற்றுழவு முடிந்த ஒவ்வொரு நாளும், எஞ்சின் ஆறியபின், இதனை மென்மையான தண்ணீர்ப் பாய்ச்சலால் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவவேண்டும். அழுத்தம் மிக்க பம்பினால் அடித்தால் தகடுகள் மடங்கி முன்னிலும் அடைத்துக்கொள்ளும். சூடான பம்பின்மீது குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் தவறு.

இத்தகைய குழாய் இல்லாத வண்டி எப்பொழுதும் கனத்த வேலையே செய்வதாயின், தகட்டுடன் கூடிய சிறு குளிர்விப்பானைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு பொருத்திக்கொள்ளலாம். அதனை எண்ணெய் திரும்பும் குழாயில்தான் வைக்கவேண்டும்; அழுத்தக் குழாயில் வைத்தால் வெடித்துவிடும். எண்ணெய்க்கு உரிய ரப்பர்க் குழாயே தகுதி. தண்ணீர்க் குழாய் உதவாது. புகைக்குழாய்க்கு அருகில் குழாயைக் கொண்டுசெல்லலாகாது. ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும். கை வழக்கம் மாறாதவரையில், எவ்வளவு பெரிய குளிர்விப்பானும் முழுப் பயன் தராது.

அறிகுறிகள்

குளிர்ந்திருக்கையில் இலகுவாயிருந்து, சூடேறியபின் கனக்கும் ஸ்டீரிங். திருப்பும்போது பம்பின் ஊளை. எண்ணெயில் கறுப்பு நிறம், நுரை, தீய்ந்த வாடை. குழாய் மூட்டுகளில் ஈரம். இவற்றுள் ஒன்று கண்டாலும் வண்டியை நிறுத்தி ஆறவிடவேண்டும். தொடாமலே வெப்பம் காட்டும் கருவி கைவசம் உள்ளவர்கள் தொட்டியின் பக்கத்தை அளந்து பார்க்கலாம். 80 டிகிரிவரை அச்சமில்லை. 100ஐ நெருங்கினால் வேலையைத் தளர்த்தவேண்டும். 120ஐக் கடந்தால் சீல்களுக்கு ஆயுள் இல்லை.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

வாடகை டிராக்டர்கள் ஒரு நாளில் பலருடைய வயல்களில் ஓடுகின்றன. எல்லோரும் அவசரப்படுத்துவர், யந்திரத்தைப் பார்ப்பவர் ஒருவரும் இரார். கிராம நிர்வாக அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் உழவு தொடங்கும் காலத்தில் இவ்விஷயத்தை ஓட்டுநர்களுக்கு எடுத்துரைப்பது நலம். வாடகைப் புத்தகத்தில் எண்ணெய் பார்த்த தேதிக்கு ஒரு பத்தி சேர்த்துக்கொண்டால் போதும். கழித்த எண்ணெயை வாய்க்காலிலோ குட்டையிலோ கொட்டவிடாமல், டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்க உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கச் செய்யவேண்டும்.

முடிவாக, இதற்கெல்லாம் செலவு அதிகமில்லை. காலையில் தொட்டியைப் பார்க்க இரண்டு நிமிஷம், மாலையில் குழாயைக் கழுவப் பத்து நிமிஷம், திருப்பத்தில் கையை விரற்கடை தளர்த்தும் பழக்கம் ஆகிய மூன்றுமே வேண்டுவன. ஓட்டுபவர் வந்து "ஸ்டீரிங் கனக்கிறது" என்று சொன்னால், மீதமுள்ள சுற்றுகளை எண்ணாமல் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். நாற்று இன்னும் ஒரு நாழிகை பொறுக்கும்.