அட்டையின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது?

"மூக்கடைப்பு, தும்மல், லேசா காய்ச்சல். ரெண்டு வேளைக்குக் குடுங்கண்ணே." மருந்துக்கடையில் இப்படிக் கேட்டால் அட்டையிலிருந்து கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டுத் தருவார்கள். பெயர் பாதிதான் வரும். காலாவதித் தேதி பல நேரம் கடையிலேயே தங்கிவிடும். உறைக்குள் இருப்பது பெரும்பாலும் மூன்று மருந்துகளை ஒன்றாக்கிய மாத்திரை: பாராசிட்டமால், குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின்.

மூன்றுமே வைரஸைத் தொடுவதில்லை. ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோவைரஸில் மட்டும் 150க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எந்த வகையானாலும், பொதுவாக ஏழு முதல் பத்து நாளில் உடம்பே சமாளித்துவிடும். அதுவரை அவஸ்தையைக் குறைப்பது மட்டுமே மாத்திரையின் வேலை.

அந்த வேலையையும் மூன்றாவது ஆள் செய்வதில்லை. ஃபினைலெஃப்ரின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கடைப்பை நீக்கும் என்பது கணக்கு. மூக்கில் நேரடியாக அடித்தால் சுருக்கவும் செய்யும். விழுங்கினால் குடல் சுவரும் கல்லீரலும் பெரும்பகுதியைச் சிதைத்துவிட, மூக்குக்குப் போய்ச் சேருவது சொற்பம். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு, வாய்வழி ஃபினைலெஃப்ரினால் பயனில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு நவம்பரில், அனுமதிப் பட்டியலிலிருந்து அதை நீக்க எஃப்.டி.ஏ. முன்மொழிந்தது. நம் ஊர் அட்டைகளில் அது இன்னும் தாராளமாக இருக்கிறது.

பாராசிட்டமால் நல்ல மருந்து. சிக்கல் அது இரண்டு பெயரில் வருவதுதான். ஜலதோஷ மாத்திரையில் பெரும்பாலும் 500 மில்லிகிராம் இருக்கும். காய்ச்சல் குறையவில்லையே என்று வீட்டில் கிடக்கும் 650ஐயும் போடுகிறோம். ஒரு வேளைக்கு 1,150 ஆயிற்று. நான்கு வேளை போட்டால் 4,600. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000 மில்லிகிராம்தான். மது அருந்துபவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் வரம்பு இன்னும் கீழே. அடி வாங்குவது கல்லீரல். முதல் நாளில் அது வெளியே காட்டிக்கொள்ளாது.

குளோர்ஃபெனிரமின் மூக்கொழுகலைக் கொஞ்சம் குறைக்கும், தூக்கத்தை நிறையவே தரும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும் கேட்காமல் போடக் கூடாது.

ஆகவே மூன்றையும் சேர்த்து விழுங்குவதைவிட, எது தொந்தரவோ அதற்கு மட்டும் மருந்து என்பதே என் கட்சி. காய்ச்சலும் உடம்பு வலியும் என்றால் தனிப் பாராசிட்டமால். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. தூங்கவே முடியாவிட்டால் பெரியவர்கள் சைலோமெட்டாசோலின் சொட்டு விடலாம். ஐந்து நாளைத் தாண்டினால் அதுவே மூக்கை அடைக்கத் தொடங்கும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு விடவேண்டும். சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதம். உறையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எட்டிப் பார்த்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வைரஸிடம் அதற்கு வேலை இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் இந்த நிதானமும் போதாது. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழே தரக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு அதில் 48.6 சதவீதம் இருந்தது. அந்த நச்சு கலந்தது தனிக் குற்றம். ஆனால் லேபிளில் இருந்த மருந்துகள் அதே மூன்றுதான். அவை சின்னக் குழந்தையின் சளிக்குத் தேவையே இல்லாதவை. ஒரு வயது தாண்டிய குழந்தையின் இருமலுக்குத் தேன் தரலாம். அதற்குக் கீழே தேனும் ஆகாது, பாட்யூலிச ஆபத்து உண்டு. கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம், வெந்துபோகும். கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரலாம். கைக்கு எட்டாமல் வையுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. காய்ச்சல் கடுமையாக இருந்தால் டெங்குவாகவும் இருக்கலாம். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கேட்டு வாங்காதீர்கள். டெங்குவில் அவை ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் மூன்று நாள் நீடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ மருந்துக்கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.