பொதுப் போக்குவரத்தில் தனியார் முன்மொழிவுகள்: அரசு எடைபோடும் முறை

ஒரு நகராட்சி குடிநீர்க் குழாய் வாங்குவதற்கும் ஒப்பந்தப் புள்ளிகள் கோருகின்றது. ஒரு மாநில அரசு மெட்ரோ ரயில் பாதையை முப்பத்தைந்து ஆண்டுகளுக்குத் தனியாரிடம் ஒப்படைப்பதற்கும் ஒப்பந்தப் புள்ளிகளே கோருகின்றது. இரண்டிலும் மூடிய உறைகள் வருகின்றன. குறித்த நாளில், குறித்த நேரத்தில் பிரிக்கப்படுகின்றன. வெளித் தோற்றத்தில் இவற்றிடையே வேறுபாடு இல்லை. ஆனால் குழாயின் தரத்தை வாங்கும் நாளிலேயே சோதித்துவிடலாம். ரயில் பாதைக்கு முன்வந்தவரின் கணக்கு சரியா, தவறா என்பது தெரியவரும்போது, அந்த உறைகளைப் பிரித்த அலுவலர்கள் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். இடையில் பயணிகள் அந்தப் பாதையை நம்பித் தங்கள் வீட்டையும் வேலையையும் அமைத்துக் கொண்டிருப்பார்கள். ஆகவேதான் இத்தகைய முன்மொழிவுகளை மதிப்பிடுவதற்கெனத் தனி விதிமுறைகள் தேவைப்பட்டன.

நகரப் போக்குவரத்தில் பயணக் கட்டணத்தை மட்டும் கொண்டு முதலீட்டையும் இயக்கச் செலவையும் ஈடுகட்டுவது உலகில் எங்குமே அரிது. கட்டணத்தைச் செலவிற்கேற்ப உயர்த்தினால் ஏழைப் பயணி விலகிப் போவார். உயர்த்தாவிட்டால் முதலீட்டாளர் முன்வரமாட்டார். இந்த இடைவெளியை நிரப்பும் பொருட்டு மத்திய அரசு 2005 இல் ஓர் உதவித் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. பொருளாதார நோக்கில் நாட்டிற்குப் பயன் தருவதாயினும் வணிக நோக்கில் கட்டுப்படியாகாத கட்டமைப்புத் திட்டங்களுக்கு, திட்டச் செலவில் 20 சதவீதம் வரை மத்திய அரசும், தேவையெனில் மேலும் 20 சதவீதம் வரை மாநில அரசோ திட்டத்தை நடத்தும் அமைப்போ மானியமாக வழங்கலாம். இந்த மானியம் நிறுவனத்தின் கையில் முன்பணமாகத் தரப்படுவதில்லை. பங்கு மூலதனமாகத் தான் போடவேண்டிய தொகை முழுவதையும் நிறுவனம் செலவிட்ட பின்னரே, வங்கிக் கடன் வழங்கப்படும் விகிதத்தில் இதுவும் விடுவிக்கப்படும். தனது பணம் பணயமாக இல்லாத ஒருவரிடம் மக்கள் பணத்தைத் தருவதில்லை என்பதே இந்த விதியின் உட்பொருள்.

அதே 2005 ஆம் ஆண்டு அக்டோபரில், பொருளாதார விவகாரத் துறைச் செயலாளரின் தலைமையில் பொது–தனியார் கூட்டுத் திட்டங்களுக்கான மதிப்பீட்டுக் குழு அமைக்கப்பட்டது. மத்திய அரசின் திட்டங்கள் இக்குழுவின் முன் வருகின்றன. மானியம் நாடும் மாநிலத் திட்டங்களை ஆராய அதிகாரம் பெற்ற வேறு குழு உண்டு.

தகுதியும் விலையும்

மதிப்பீடு இரண்டு கட்டங்களாக நடைபெறுகின்றது. முதற்கட்டத்தில் விலை பற்றிய பேச்சே இல்லை. நிறுவனம் இதற்கு முன் எத்தகைய பணிகளைச் செய்து முடித்துள்ளது, அதன் நிகர மதிப்பு என்ன என்பவை மட்டுமே ஆராயப்படும். நிதி அமைச்சகம் 2007 இல் வெளியிட்ட மாதிரி ஆவணத்தின்படி, நிறுவனத்தின் நிகர மதிப்பு திட்ட மதிப்பீட்டில் நான்கில் ஒரு பங்கேனும் இருத்தல் வேண்டும். இதில் தேறியவர்களுக்கு மட்டுமே ஒப்பந்த வரைவு, தொழில்நுட்ப விவரங்கள் முதலியன வழங்கப்பட்டு, இரண்டாம் கட்டத்தில் விலை கேட்கப்படும்.

அந்த விலையோ ஒரே ஓர் எண். கட்டணம், ஒப்பந்தக் காலம், சேவைத் தரம் ஆகிய அனைத்தையும் அரசு முன்கூட்டியே வரையறுத்துவிடும். 'இவற்றை ஏற்றுக்கொண்டு நடத்துவதற்கு எவ்வளவு மானியம் வேண்டும்?' என்பதே கேள்வி. குறைந்த மானியம் கேட்பவர் வெற்றி பெறுவார். மானியமே வேண்டாம், மாறாக அரசுக்கு நாங்கள் பணம் தருகிறோம் என்று ஒருவர் கூறினால் அவர் எல்லோரையும் முந்திவிடுவார்.

இம்முறையின் நன்மை வெளிப்படை. பல அம்சங்களுக்கு மதிப்பெண் வழங்கிக் கூட்டும் முறையில், குழுவினரின் விருப்பு வெறுப்புக்கு இடமுண்டு, வழக்குகளுக்கும் இடமுண்டு. ஒற்றை எண்ணில் அந்த இடமில்லை. ஆனால் இதனால் மதிப்பீட்டின் முழுப் பாரமும் உறை பிரிக்கும் நாளுக்கு முந்திய பணிகளின் மீது விழுகின்றது. பயணிகள் எண்ணிக்கை பற்றிய கணிப்பு, நிலம் வழங்கும் அளவு, கட்டண உயர்வுக்கான சூத்திரம் ஆகியவற்றில் பிழை இருந்தால் அந்த ஒற்றை எண் அதைக் காட்டிக் கொடுக்காது. ஐதராபாத்தில் நடந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

ஐதராபாத்தின் இரு ஒப்பந்தங்கள்

அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு ஐதராபாத்தில் மூன்று வழித்தடங்களில், ஏறத்தாழ 71 கி.மீ. நீளத்திற்கு மெட்ரோ அமைக்க முடிவு செய்து, 2008 இல் விலை கோரியது. ஏனைய போட்டியாளர்கள் மானியம் கேட்டிருக்க, மேட்டாஸ் நிறுவனத்தின் தலைமையிலான கூட்டமைப்பு மானியம் வேண்டாமென்றதோடு, ஒப்பந்தக் காலத்தில் அரசுக்கு ரூ. 30,000 கோடிக்கும் அதிகமாகத் தருவதாகவும் எழுதிக் கொடுத்தது. விதிப்படி அதுவே வெற்றி பெற்றது.

இங்கு ஒரு சிறு கணக்கைப் பார்ப்பது மாணவர்களுக்குப் பயன்படும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி எனக் கொண்டால், முப்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு மூன்று ரூபாய் 34 காசு மட்டுமே. தொலைவான ஆண்டுகளில் தரப்படவுள்ள பெருந்தொகை செய்தித்தாளின் தலைப்புக்கு ஏற்றது. கருவூலத்திற்கு அவ்வளவு ஏற்றதன்று. இத்தகைய முன்மொழிவுகளை ஒப்பிடும்போது இன்றைய மதிப்பைக் கணக்கிட்ட பின்னரே எந்தத் தொகையையும் பேசவேண்டும்.

கணக்கைவிட முக்கியமான ஐயத்தை எழுப்பியவர் அப்போது டெல்லி மெட்ரோவின் தலைவராக இருந்த இ. ஸ்ரீதரன். ரயில் ஓட்டி இந்த அளவு பணம் தர இயலாது. திட்டத்துடன் வழங்கப்படும் நகர நிலங்களின் மீதே நிறுவனத்தின் நோக்கம் இருக்கலாம் என்று அவர் 2008 செப்டம்பரில் திட்டக் குழுவிற்குக் கடிதம் எழுதினார். மாநில அரசு அதை ஏற்கவில்லை. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிப்பட்டது. அதன் நிறுவனரின் குடும்பத்தைச் சேர்ந்த மேட்டாஸால் திட்டத்திற்குரிய கடனைத் திரட்ட முடியவில்லை. அவ்வாண்டு ஜூலையில் ஒப்பந்தம் இரத்தாயிற்று. அரசின் மதிப்பீட்டு முறை அந்த முன்மொழிவைத் தடுக்கவில்லை. வேறிடத்தில் வெடித்த ஒரு விவகாரமே தடுத்தது என்பதை அலுவலர்கள் மறக்கலாகாது.

இயல்புக்கு மாறான விலையை அப்படியே ஏற்கவேண்டுமென்று எந்த விதியும் கூறவில்லை. எந்த முன்மொழிவையும் நிராகரிக்கும் உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொள்கின்றது. பொருள் கொள்முதலுக்கென நிதி அமைச்சகம் 2017 இல் வெளியிட்ட கையேடு, விலை ஐயம் தருமளவு குறைவாக இருந்தால் அதன் விவரத்தை எழுத்து மூலம் கேட்கலாம் எனத் தெளிவாகவே சொல்கின்றது. ஆயினும் அரசுக்கு அதிகப் பணம் தருவதாகச் சொல்பவரை நிராகரித்துக் கோப்பில் கையெழுத்திடத் துணியும் அலுவலர் எத்தனை பேர்? தணிக்கையின்போது விளக்கம் கூற வேண்டியவர் அவரல்லவா?

மீண்டும் விலை கோரப்பட்டபோது லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனம் 2010 இல் ரூ. 1,458 கோடி மானியம் கேட்டு வெற்றி பெற்றது. திட்டச் செலவு ரூ. 12,132 கோடி எனப்பட்டதால், கேட்ட மானியம் 12 சதவீதமே. அனுமதிக்கப்பட்ட 40 சதவீத வரம்பிற்கு மிகக் குறைவு. இவ்வாறு குறைத்துக் கேட்கக் காரணம், வருவாயில் ஏறத்தாழப் பாதி மட்டுமே பயணக் கட்டணத்திலிருந்து வரும் என்று நிறுவனம் கணக்கிட்டிருந்தது. எஞ்சியதில் பெரும்பங்கு நிலையங்களையும் பணிமனைகளையும் ஒட்டிக் கட்டப்படும் கடைகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் வாடகையிலிருந்து வரவேண்டும்.

முதற்பகுதி 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. 2020 இல் மூன்று வழித்தடங்களிலுமாக ஏறத்தாழ 69 கி.மீ. இயங்கலாயிற்று. அந்த ஆண்டே பெருந்தொற்றும் வந்து பல மாதங்கள் ரயில் நின்றது. நாள்தோறும் பதினைந்து இலட்சம் பேர் பயணம் செய்வர் என்பது திட்டக் காலத்துக் கணிப்பு. 2023 இல் ஒரே நாளில் ஐந்து இலட்சத்தைத் தாண்டியபோது அதுவே சாதனையாகக் கூறப்பட்டது. வாடகை வருவாயும் எதிர்பார்த்தபடி வளரவில்லை. நிறுவனம் விலக விரும்பியது. கடனையும் சேர்த்துத் திட்டத்தை ஏற்றுக்கொள்ளத் தெலங்கானா அரசு 2025 செப்டம்பரில் கொள்கையளவில் இசைந்தது. இவ்வளவுக்கும் நகர மக்களுக்கு ஒரு நல்ல ரயில் கிடைத்துள்ளது. இரண்டாவது நிறுவனம் தகுதியற்றதும் அன்று. கணிப்பில் இருந்த மிகையை மானியத்தின் அளவு மறைத்துவிட்டது. மிகை வெளிப்பட்டபோது சுமை அரசையே வந்தடைந்தது.

எல்லைக்கோடுகள்

பணிகளைப் பிரித்துக் கொடுப்பதிலும் சிக்கல் எழுவதுண்டு. டெல்லி விமான நிலைய விரைவுப் பாதையில் கட்டுமானத்தை டெல்லி மெட்ரோ கழகமும், ரயில் பெட்டிகள், சைகைகள், இயக்கம் ஆகியவற்றைத் தனியார் நிறுவனமும் மேற்கொண்டன. 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பாதை, மேம்பாலத் தாங்கிகளில் காணப்பட்ட குறைகளால் 2012 ஜூலையில் நிறுத்தப்பட்டது. குறை யாருடையது என்ற வழக்கு, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் குறைதீர் (க்யூரேட்டிவ்) மனுவில் கழகத்திற்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கும் வரை நீடித்தது. மும்பையின் முதல் மெட்ரோ பாதையிலோ கட்டணமே வழக்காயிற்று. 2014 ஜூனில் அது திறக்கப்பட்டபோது, ஒப்பந்தக் கட்டணமே செல்லும் என்றது மாநில அமைப்பு. மெட்ரோ சட்டப்படி தாங்களே நிர்ணயிக்கலாம் என்றது நிறுவனம். கட்டணத்தை முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டும் என்ற விதி, எந்தச் சட்டத்தின்கீழ் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமை பெறும்.

கேளாமல் வரும் முன்மொழிவுகள்

அரசு கோராமலே ஒரு நிறுவனம் தானாக ஒரு திட்டத்தை வகுத்துக்கொண்டு வருவதும் உண்டு. அதை அப்படியே ஏற்பது போட்டியை ஒழிப்பதாகும். யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறொருவரிடம் தருவது நியாயமன்று. இதற்கு 'ஸ்விஸ் சவால்' எனப்படும் முறை கையாளப்படுகின்றது. முன்மொழிவு வெளியிடப்பட்டு, அதைவிடச் சிறந்த விலை தர மற்றவர்கள் அழைக்கப்படுவர். வந்த சிறந்த விலைக்கு இசைய முதலில் முன்மொழிந்தவருக்கு வாய்ப்புத் தரப்படும். ஆந்திரப் பிரதேசம் 2001 இலேயே இதற்குச் சட்டத்தில் இடமளித்தது. 2009 இல் உச்ச நீதிமன்றமும், வெளிப்படையான நெறிமுறைகளோடு நடத்தினால் இம்முறை செல்லும் என்றது. எனினும் 2015 இல் விஜய் கேல்கர் தலைமையிலான குழு, இத்தகைய முன்மொழிவுகளை ஊக்குவிக்க வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. காரணம் எளிது. ஈராண்டு ஆய்வு செய்து வந்தவருக்குத் தெரிந்ததில் பாதிகூட, சில வாரங்களில் விலை கூற வேண்டிய போட்டியாளருக்குத் தெரியாது. திட்டத்தை மதிப்பிடும் அரசுக்கும் தெரியாது.

2017 ஆகஸ்டில் ஏற்கப்பட்ட மெட்ரோ ரயில் கொள்கை சில கதவுகளை முன்னதாகவே அடைத்தது. மத்திய உதவி கோரும் திட்டத்தில் ஏதேனும் ஒரு பகுதியிலாவது தனியார் பங்கேற்பு இருத்தல் வேண்டும். அதேபோது, மெட்ரோவிற்குப் பதிலாகப் பேருந்து விரைவு வழி முதலிய மாற்றுகள் போதுமா என்று ஆராய்ந்திருக்க வேண்டும். சமுதாயத்திற்குக் கிடைக்கும் பொருளாதார வருவாய் விகிதம் 14 சதவீதத்திற்குக் குறையலாகாது. மாநிலத்தின் அறிக்கையைச் சார்பற்ற அமைப்பு ஒன்று சரிபார்த்தல் வேண்டும். கணிப்பைத் தயாரித்தவரே அதற்குச் சான்றும் வழங்கும் பழக்கத்திற்கு இந்தக் கடைசி விதியே மருந்து.

பேருந்தில் தலைகீழ் மதிப்பீடு

பேருந்துகளில் வேறொரு வழி பரவியுள்ளது. பயணச்சீட்டு வருவாய் அரசு அமைப்பிற்கே சேரும். பேருந்தை வைத்திருந்து ஓட்டும் நிறுவனத்திற்கு ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு எனத் தரப்படும். போட்டியில் வரும் ஒற்றை எண், கிலோமீட்டர் விலையே. பயணிகளைப் பிடிக்கப் பேருந்துகள் ஒன்றையொன்று முந்தும் கேடு இதனால் குறைகின்றது. பயணிகள் குறைந்தால் வரும் இழப்பு அரசைச் சேர்கின்றது. 2023 இல் அறிவிக்கப்பட்ட பிரதமர் மின்பேருந்து சேவைத் திட்டமும் 10,000 பேருந்துகளுக்கு இவ்வாறே கிலோமீட்டர் கணக்கில் உதவுகின்றது.

இதில் எவரும் முதலில் எண்ணாத ஒன்று நேர்ந்தது. அரசு நிறுவனத்தை எடைபோடுவது போல, நிறுவனமும் அதற்குக் கடன் தரும் வங்கியும் அரசு அமைப்பை எடைபோட்டன. இழப்பில் நடக்கும் போக்குவரத்துக் கழகம் மாதந்தோறும் தவறாமல் பணம் தருமா என்ற ஐயம் வலுத்தது. ஐயம் உள்ள இடத்தில் போட்டியாளர் குறைவர், அல்லது விலை ஏறும். இதை நீக்க 2024 செப்டம்பரில் மத்திய அரசு ரூ. 3,435 கோடியில் பணப்பட்டுவாடா உறுதித் திட்டமொன்றை ஏற்றது. 38,000க்கும் மேற்பட்ட மின்பேருந்துகளுக்கு இது பொருந்தும். போக்குவரத்து அமைப்பு தரவேண்டிய தொகையைத் தவறவிட்டால் இந்நிதியிலிருந்து நிறுவனத்திற்குப் பணம் வழங்கப்படும். பின்னர் அத்தொகை அந்த அமைப்பிடமிருந்தோ மாநில அரசிடமிருந்தோ திரும்பப் பெறப்படும்.