பெறுபேறு வருமுன்னே

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது, உயர்தரப் பரீட்சை நடுவிலே நிறுத்தப்பட்டது. ரிவர்ஸ்டன் அமைந்த மாத்தளை மாவட்டமும் மண்சரிவுகளால் துயருற்றது. எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியிலேயே நடைபெற்றன.

இத்தகைய காத்திருப்பில் பெற்றோர் இசட் புள்ளியை எண்ணிக் கலங்குவது இயல்பே. ஆயினும் யோசேப்பை நினைத்துப் பாருங்கள். பானபாத்திரக்காரரின் தலைவன் அவனை மறந்தமையால், மேலும் இரண்டு வருடம் சிறையில் காத்திருந்தான். அத்தாமதம் அவனுடைய ஞானத்தைக் குறைக்கவில்லை. கர்த்தர் அவனைக் கைவிடவுமில்லை.

ஆகவே, பிள்ளையிடம் “படித்தாயா?” என்று மட்டும் கேளாமல், “உறங்கினாயா?” என்றும் கேளுங்கள். புள்ளிகள் எவையாயினும் உங்கள் அன்பு மாறாது என்பதைப் பெறுபேறு வருமுன்னே சொல்லுங்கள். வந்தபின் சொன்னால், அது வெறும் ஆறுதலாகவே பிள்ளையின் செவியில் விழும்.