சிறப்புப் பாடத்தைத் தெரிந்துகொள்ளுதல்

பி.டி. பட்டம் பெற்று முதுநிலைக்குச் செல்வோர், செராம்பூர் செனட்டின் பாடத்திட்டப்படி, பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிறிஸ்தவ இறையியல், சமயங்கள், திருச்சபை வரலாறு போன்ற துறைகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். எளிதில் தேறக்கூடியது எது, மேல்நாட்டு உதவித்தொகைக்கு வழி திறப்பது எது என்னும் கேள்விகளே நம்முன் முதலில் எழுகின்றன. அவை தகாதவை அல்ல. ஆயினும் போதுமானவை அல்ல.

பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975) நமக்கு நல்ல முன்மாதிரி. யோவான் நற்செய்தியின் மறைஞானத்தை இந்து பக்தி இலக்கியத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தே அவர் 1922-இல் ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்டம் பெற்றார். முன்னதைத் திருமறை தந்தது. பின்னதைத் தாம் பிறந்த மண் தந்தது. 1950-இல் அவர் கோயம்புத்தூர்ப் பேராயரானார்.

பழனிக்கு அருகிலுள்ள நெய்க்காரப்பட்டியை எண்ணிப் பார்ப்போம். தைப்பூசத்திற்குப் புகுந்த வீட்டார் மாலையணிந்து காவடி எடுக்கும்போது, "ஐயா, நான் எங்கே நிற்பது?" என்று சபையின் மகள் ஒருத்தி ஆயரிடம் கேட்கக்கூடும். ஆயரின் முதன்மைப் பாடம் புதிய ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் அவ்வீட்டாரின் பக்தியை அறியாதவர் அவளுக்குக் கட்டளையிட முடியுமேயன்றி வழிகாட்ட இயலாது. சமயங்களைப் பற்றிய கல்வி அவருக்கு இன்றியமையாத துணைப்பாடமாகும். கரும்புத் தோட்டக் கூலியாட்கள் நிறைந்த சபைக்கோ சமூக ஆய்வு அத்தகையது.

எனவே, விண்ணப்பத்தில் துறையின் பெயரை எழுதுமுன், நம்மை அனுப்பிய சபை எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று ஆராய்வோமாக.