கார்வை அறுகிற இடம்

மாஸ்டர் வீட்டு முன்னறையில் நாதஸ்வரம் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருந்தது. வாசிப்பவர் பஞ்சமத்தைப் பிடித்துக் கார்வை கொடுக்கிறார். வெளியே ஆடி மழை. எதிர் மலையின் தேயிலை முழுவதையும் பனி மூடியிருந்தது. சட்டென்று அறையில் மழைச் சத்தம் மட்டும். இரண்டு நொடி, மூன்று நொடி. மறுபடியும் அதே பஞ்சமம்.

"கெசட் தேஞ்சி போச்சி தம்பி," என்றார் மாஸ்டர். "நாப்பது வருஷத்து நாடா. அதுக்கு மேல எப்படித் தாங்கும்?"

திம்புள்ளயில் அவரிடம் படித்தவர்கள் பலர் இன்று தாங்களே ஆசிரியர்கள். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு இருக்கும் ஒரே ஆசை பாட்டுக் கேட்பது. லயத்துக் காம்பராவில் இருந்த காலத்தில் ரேடியோ முன்னால் ரெக்கோர்டரை வைத்து இலங்கை வானொலியிலிருந்து பதிந்த கெசட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய உண்டு. மகன் அவற்றையெல்லாம் கணினிக்கு மாற்றிக் கொடுத்து, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றையும் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனான். பின்னறைக் கணினியில் இருக்கும் கோப்புகளை அந்தச் சின்னப் பெட்டி வைஃபை வழியாக எடுத்துப் பாடும். பாடியது. ஆனால் அறுந்து அறுந்து பாடியது.

"மாஸ்டர், திரும்ப வந்தப்போ பாட்டு எங்கேயிருந்து வந்துச்சி?"

கொஞ்சம் யோசித்தார். "விட்ட இடத்துலயிருந்து."

அப்படியானால் நாடா தேயவில்லை. நாடாவில் பழுது இருந்தால் இசை அடியில் ஓடிக்கொண்டே இருக்கும், நமக்குத்தான் கேட்காது. மூன்று நொடி கழித்து மூன்று நொடி தள்ளிய இடத்தில் திரும்ப வரும். தாளம் போட்டுக்கொண்டிருந்தால் கை தப்பியது உடனே தெரியும். விட்ட இடத்திலேயே திரும்ப வருகிறதென்றால் பாட்டு முழுமையாகப் பத்திரமாக இருக்கிறது. பாடும் பெட்டிதான் காத்துக்கொண்டு நிற்கிறது. இதைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த தெளிவை மறக்கமாட்டேன். பிளேன்டீ வந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. எதற்காகக் காத்து நிற்கிறது என்று பேச ஆரம்பித்தோம்.

மலையகத்தில் பீலியைத் தெரியாதவர் இல்லை. மேலே ஊற்று, அங்கிருந்து குழாய், லயத்துக்கு மேல் ஒரு தாங்கி, கீழே பீலி. ஊற்றுத் தண்ணீர் ஒரே சீராக வராது. குழாயில் சருகு அடைக்கும், சில நேரம் நின்றே போகும். ஆனாலும் தாங்கியில் இருப்பு உள்ளவரை பீலியில் குடம் பிடிப்பவருக்கு எதுவும் தெரியாது. இசைப் பெட்டிக்குள்ளும் இதே அமைப்புத்தான். ஊற்று பின்னறைக் கணினி, குழாய் வைஃபை, தாங்கி நினைவகத்தில் ஒதுக்கிய பஃபர். பீலி என்பது எண்களை ஒலியாக மாற்றும் டிஏசி.

ஒரு வித்தியாசம் உண்டு. குடத்துக்கு அவசரமில்லை, டிஏசி கொஞ்சமும் பொறுக்காது. சீடி தரத்து இசைக்கு ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 176,400 பைட், கடிகாரம் பிசகாமல் வந்தாக வேண்டும். ஒரு மாதிரி பிந்தினாலும் அங்கே ஒலி இல்லை. படம் பார்க்கையில் ஒரு சட்டகம் தவறினால் கண் மன்னித்துவிடும். காது மன்னிக்காது. அதிலும் நாதஸ்வரக் கார்வையில் ஒளிய இடமே கிடையாது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் ஓடும்போது ஒரு சின்ன 'டிக்' விழுந்தால் அது சொற்கட்டுக்குள் கலந்து போய்விடும்.

அதனால்தான் இப்படிப்பட்ட பழுதுக்கு நான் முதலில் எந்த அமைப்பையும் தொடுவதில்லை. சுருதிப் பெட்டி ஓசையைப் பத்து நிமிடம் பதிந்த ஒரு கோப்பை ஓடவிட்டு உட்கார்ந்து கேட்பேன். எங்கே அறுகிறது என்பதைவிட எப்படி அறுகிறது என்பதுதான் முக்கியம். நொடிக்கணக்கில் மௌனம் வந்தால் தாங்கி வற்றியிருக்கிறது, பழுது ஊற்றிலோ குழாயிலோ. 'டிக்', 'கிர்' என்று பொறி மாதிரி விழுந்தால் தாங்கியில் தண்ணீர் இருந்தும் பீலிக்கு நேரத்துக்குக் கிடைக்கவில்லை, பழுது பெட்டிக்குள்ளோ அதன் மின்சாரத்திலோ. பிறகு அதே கோப்பைப் பெட்டியின் மெமரி கார்டுக்கே மாற்றி, வைஃபை இல்லாமல் ஓடவிடுவேன். மௌனம் காணாமல் போய் 'டிக்' மட்டும் மிஞ்சினால் இரண்டும் வேறு வேறு வியாதி.

மாஸ்டர் வீட்டில் இரண்டும் இருந்தன.

ஒரு கொப்பியில் நேரம் எழுதி வைக்கச் சொன்னேன். ஆசிரியர் அல்லவா, கோடு போட்டு, 'மௌனம்', 'டிக்' என்று இரண்டு கட்டம் பிரித்து ஒரு வாரம் எழுதினார். அந்தக் கொப்பிதான் பாதி வேலையைச் செய்தது. 'டிக்' கட்டத்தில் காலை ஆறு, மாலை நாலு என்று திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு தடவை பெட்டி தானாகவே நின்று மறுபடி இயங்கியதாகவும் குறித்திருந்தார். காலை ஆறுக்கும் மாலை நாலுக்கும் அந்த வீட்டில் என்ன நடக்கும்? தேத்தண்ணி. மின்சாரக் கேத்தலும் பையின் சார்ஜரும் ஒரே மல்டி பிளக்கில் இருந்தன. 2,000 வாட் கேத்தல் 230 வோல்டில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். இந்த ஈரக் காற்றில் பிளக்கின் பித்தளைத் தகடுகள் கறுத்துத் தளர்ந்திருந்தன. அவ்வளவு மின்னோட்டம் தளர்ந்த தொடுப்பில் போகையில் பொறி விழும், தொடுப்பு கணநேரம் விட்டுப் பிடிக்கும். இசையைவிடப் பெரிய விஷயம் இது. அப்படியான மல்டி பிளக் தீப்பிடிக்கும். முதல் வேலையாக அதைக் கழற்றி எறிந்தோம், கேத்தலுக்குச் சுவரில் தனி இடம் கொடுத்தோம்.

'டிக்' குறைந்தது, போகவில்லை. அடுத்தது வயர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களில் பலர் வாரக்கணக்காக மென்பொருளில் தேடும் பழுது இங்கேதான் கிடக்கிறது. பைக்கு 5 வோல்ட் வேண்டும். 4.63 வோல்டுக்குக் கீழே போனால் 'மின்னழுத்தம் குறைவு' என்று அதுவே கண்டுகொண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரை இருந்தால் மூலையில் ஒரு மின்னல் சின்னம் தெரியும். இசைப் பெட்டிக்குத்தான் திரையே இல்லையே. மாதக்கணக்காக அந்தச் சின்னம் யார் கண்ணுக்கும் படாமல் மின்னிக்கொண்டிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். போன் சார்ஜரோடு வரும் மெல்லிய வயர் பெரும்பாலும் 28 கேஜ். அதன் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் தடை. வயர் இரண்டு மீட்டர் என்றால் மின்சாரம் போக இரண்டு, திரும்ப இரண்டு, ஆக நாலு மீட்டர், 0.85 ஓம். 1 அம்பியர் இழுத்தால் 0.85 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். சார்ஜர் 5.1 வோல்ட் கொடுத்தாலும் பைக்குக் கிடைப்பது 4.25 தான். அதே சார்ஜரில் ஒரு மீட்டர் நீளமான, தடித்த 24 கேஜ் வயரைப் போட்டால் இழப்பு 0.17 வோல்டோடு நின்றுவிடும். சார்ஜரை மாற்றுவதற்கு முன்னால் வயரை மாற்றிப் பாருங்கள் என்று எல்லாரிடமும் நான் சொல்வது இதனால்தான். மின்னழுத்தம் குறைந்ததா என்று பையையே கேட்கலாம். 'கெட் த்ராட்டில்ட்' என்ற கட்டளைக்கு வெறும் பூச்சியம் வந்தால் நலம். 50005 என்று முடிந்தால் இந்த நிமிடமே குறைவு. 50000 என்றால் இப்போது சரி, ஆனால் பெட்டியைப் போட்டதிலிருந்து எப்போதோ குறைந்திருக்கிறது. மாஸ்டர் பெட்டி 50000 சொன்னது. குட்டை வயர் போட்டோம், பெட்டியை மறுபடி இயக்கினோம். மறுநாள் கேட்டால் பூச்சியம். 'டிக்' கட்டமும் அன்றிலிருந்து காலி.

(ஹார்ட் டிஸ்கையே பையில் சொருகிப் பாடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த டிஸ்க் இழுக்கும் மின்சாரமும் இதே வயரில்தான் வர வேண்டும். 2019 இல் வந்த நாலாம் மாதிரிக்கு முந்திய பைகளில் யூஎஸ்பியும் நெட்வொர்க் வயரும் உள்ளே ஒரே பாதையைப் பங்குபோட்டன. டிஸ்க், யூஎஸ்பி டிஏசி, நெட்வொர்க் மூன்றும் அந்த ஒற்றையடிப் பாதையில் முட்டிக்கொண்டால் பொறி விழத்தான் செய்யும்.)

இனி மௌனம். கொப்பியில் ஒரு விசித்திரம் இருந்தது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரச் சீடியிலிருந்து எடுத்த கோப்புகளில் மௌனம் ஒன்றுகூட இல்லை. அறுந்ததெல்லாம் கெசட்டிலிருந்து மாற்றியவை. மாஸ்டர் நாடாவைச் சந்தேகித்ததில் நியாயம் இருந்தது. கோப்புகளைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. அப்பாவின் பொக்கிஷத்துக்கு ஆக உயர்ந்த தரம் வேண்டும் என்று மகன் அவற்றை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸில் பதிந்திருந்தான்.

வாலுமியோ, மூட் போன்ற இசை மென்பொருள்களின் அடியில் ஓடுவது மியூசிக் பிளேயர் டீமன். அதன் தாங்கி வழக்கமாக 4 மெகாபைட். சீடி தரத்துக்கு அது கிட்டத்தட்ட 24 நொடி இருப்பு. வைஃபை பத்து நொடி தடுமாறினாலும் நமக்குத் தெரியாது. 192 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு மாதிரியும் 32 பிட் இடத்தில் வைக்கப்படுவதால் நொடிக்கு 1.5 மெகாபைட்டுக்கு மேல் காலியாகும். அதே தாங்கி மூன்று நொடிகூட நிற்காது. தாங்கி மாறவில்லை, பீலியின் வாய்தான் ஒன்பது மடங்கு அகன்றுவிட்டது.

தாங்கியைப் பெரிதாக்கலாம், ஒரு வரி மாற்றினால் போதும். ஆனால் நான் முதலில் சொன்னது வேறு. மத்திய அலை வானொலியில் வரும் ஒலி 5 கிலோஹெர்ட்ஸ் அளவோடு நின்றுவிடும். நல்ல கெசட்கூட 15 கிலோஹெர்ட்ஸைத் தாண்டுவது அரிது. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவு 22 வரைக்கும் பிடிக்கும். மேலே உள்ள எண்களில் இருப்பது நாடாவின் இரைச்சல் மட்டும். மகன் செய்தது தவறில்லை. மூலப் பதிவு அப்படியே டிஸ்கில் இருக்கட்டும், இரண்டு பிரதியாக இருக்கட்டும். கேட்பதற்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் தனிப் பிரதி எடுத்தோம்.

அதோடு மௌனம் பெரும்பாலும் அடங்கியது. குழாயையும் பார்த்தோம். இந்த மாதிரிப் பழைய வீடுகளின் கருங்கல் சுவர் ஒன்றரை அடி தடிப்பம். கூரை தகரம். வைஃபை அலை கல்லில் தேயும், தகரத்தில் பட்டுத் திரும்பும். பின்னறையிலிருந்து முன்னறைக்கு அப்படி இரண்டு சுவர். போதாததற்கு, மின்சாரம் மிச்சம் பிடிக்க பையின் வைஃபை இடையிடையே கண்ணயரும் பழக்கமுள்ளது. பெட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தால் சில தடவை 3 மில்லி நொடியில் பதில், சில தடவை 200. அந்த உறக்கத்தை நிறுத்தியதும் பதில் சீரானது. கடைசியில் ரவுட்டரிலிருந்து கூரை ஓரமாக ஒரு நெட்வொர்க் வயரே இழுத்துவிட்டோம். 100 மீட்டர் வரை அது பிசகாது. எனக்கு வயர்மேல்தான் நம்பிக்கை. வீட்டுக்கு நிரந்தரமாக வைக்கும் பெட்டிக்கு வைஃபை ஏன் என்று கேட்பவன் நான்.

ஒவ்வொன்றையும் ஒரு நாள் விட்டுத்தான் மாற்றினோம். மாஸ்டருக்குப் பொறுமை உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது குணமாக்கியது என்று இருவருக்கும் தெரிந்திருக்காது. மல்டி பிளக் ஆபத்தும் கண்ணில் பட்டிருக்காது.

ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம். இணைய வானொலியை நாள் முழுக்கப் போட்டுவைத்தால் எப்போதாவது ஒரு தடவை அறுகிறது. அது பழுதல்ல. நிலையத்தின் கடிகாரமும் நம் டிஏசியின் கடிகாரமும் இரண்டு தனித்தனிப் படிகங்கள். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு நாளில் 4 நொடிக்கு மேல் விலகிவிடும். நம்முடையது கொஞ்சம் முந்தி ஓடினால் தாங்கி துளித்துளியாக வற்றி ஒருநாள் தீரும்.

போன ஞாயிறு போயிருந்தேன். அதே கச்சேரி, அதே பஞ்சமம், முழுதாக நின்றது. தேத்தண்ணி ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். தனி ஆவர்த்தனத்துக்குக் கொஞ்சம் முன்னால் சுருதி மெல்ல மெல்ல மேலேறியது. அரைச் சுரம் ஏறியிருக்கும். பிறகு ஒரு மௌனம். திரும்ப வந்தபோது சுருதி பழைய இடத்தில் இருந்தது, பாட்டு தள்ளிப் போயிருந்தது. கை நீட்டினேன். மாஸ்டர் தடுத்தார்.

"அது அங்கதான் தம்பி இருக்கும். ரெக்கோர்டர்ல பெட்றி எறங்கிருச்சி. அப்ப நம்ம லயத்துல கரண்ட் இல்ல. டோர்ச்சுல இருந்த பெட்றியக் கழட்டிப் போட்டேன்."

பதியும்போது மோட்டார் தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும். அதையே சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறும். பெட்றி மாற்றிய இடம்தான் அந்த மௌனம். கோப்பை எத்தனை தடவை போட்டாலும் அதே இடத்தில் வருகிறது. கொப்பியை எடுத்து அந்த வரிக்கு எதிரே மாஸ்டர் 'நாடா' என்று எழுதிக்கொண்டார்.