‘ட்ரெமர்’ என்றால் பயந்துவிட வேண்டுமா?

டாக்டர் சீட்டில் ‘ட்ரெமர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பெயரே மிரட்டுகிறதே!

இது லத்தீன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். ‘ட்ரெமெரே’ என்றால் நடுங்குதல். அவ்வளவுதான். அதற்குள் எந்த வியாதியின் பெயரும் ஒளிந்திருக்கவில்லை. பயத்துக்கும் நடுக்கம், நிலம் அசைந்தாலும் நடுக்கம் என்கிறோம் இல்லையா? அவர்களும் பூமி லேசாக அதிர்ந்தால் ட்ரெமர் என்றே சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் வாய்க்கு வாய் சொல்லும் ‘ட்ரெமெண்டஸ்’கூட இந்தக் குடும்பம்தான். கண்டவர் நடுங்கும்படியானது என்பது அதன் ஆதி அர்த்தம். இப்போது ஐஸ்க்ரீம்கூட ட்ரெமெண்டஸ்!

என் மாமியாருக்கு அறுபது வயசிலிருந்தே கை நடுக்கம். காபியை நீட்டினால் பாதி தரையில். விசேஷ வீடுகளில் பரிமாறவே வரமாட்டார். டாக்டர் ‘எஸென்ஷியல் ட்ரெமர்’ என்று எழுதினார். பி.ஏ. படித்த என் நாத்தனார், “எஸென்ஷியல்னா அவசியம்னு அர்த்தம். நடுக்கம் எதுக்கு அவசியம்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி! வைத்திய பாஷையில் அதற்கு வேறு அர்த்தம். வேறொரு வியாதியால் வராமல் தானாகவே வருவது என்று பொருள். பல வீடுகளில் இது பரம்பரையாகவும் வரும்.

மாமியார் பயந்ததெல்லாம் பார்க்கின்ஸன் வியாதிக்குத்தான். 1817ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் அதை ‘ஷேக்கிங் பால்ஸி’ என்று எழுதினார். ‘பராலிஸிஸ்’ என்ற கிரேக்கச் சொல் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்துதான் ‘பால்ஸி’ ஆயிற்று. நம் ‘நடுக்குவாதம்’ அதற்கு எவ்வளவு பொருத்தம், பாருங்கள்! அவர் எழுதியது ஆறே பேரைப் பற்றி. அதிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி.

இரண்டுக்கும் வித்தியாசம் நம் கண்ணுக்கே ஓரளவு தெரியும். பார்க்கின்ஸனில் பெரும்பாலும் கை மடியில் சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது போல. டம்ளரை எடுக்கப் போனால் குறையும். நடையும் மெதுவாகும், உடம்பு இறுகும். மாமியாருடையது நேர் எதிர். சும்மா இருந்தால் ஒன்றுமில்லை, டம்ளரைத் தூக்கினால்தான் ஆட்டம். மனசு படபடத்தாலோ, ஸ்ட்ராங் காபி குடித்தாலோ அதிகமாகும். மாத்திரையில் இப்போது பாதி குறைந்திருக்கிறது. டம்ளரையும் முக்கால் அளவே நிரப்புகிறோம்.

ஆனால் எல்லா நடுக்கத்தையும் வயசின் தலையில் போட்டுவிடாதீர்கள். நீட்டிய விரல்கள் மெல்ல நடுங்கி, உடம்பு இளைத்து, நெஞ்சும் படபடத்தால் தைராய்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்த்மா மருந்தாலும் சிலருக்குக் கை நடுங்கும். அதற்காக நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரை வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவர் திடீரென்று வியர்த்து நடுங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.